செயின் கழற்றிய மிஷின்

செயின் இல்லாத அறுப்பு மிஷினுக்குள் மரத்தூள் எங்கிருந்து வரும்? கிளச் மூடியைக் கையில் பிடித்தபடி கிருஷ்ணகுமார் வெகுநேரம் அப்படியே நின்றான்.

நேற்று மாலை விளக்கு வைக்கிற நேரத்தில்தான் அதே மூடியைக் கழற்றி, பெற்றோலில் பிரஷை நனைத்து மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, பழைய சாரத்துண்டால் ஈரம் போக ஒற்றி எடுத்து, திரும்ப மாட்டி, பட்டறையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தான். இப்போது காலை ஏழு மணி. மூடிக்குள் ஒரு பிடி தூள். கறுத்து எண்ணெய் ஊறிய பழந்தூளாக இருந்தால்கூட, எங்கோ இடுக்கில் கிடந்தது உதிர்ந்திருக்கும் என்று மனதைத் தேற்றியிருக்கலாம். இது வெளேரென்று இருந்தது. விரலால் தொட்டான், ஈரம். விரலோடு விரலைச் சேர்த்துப் பிரித்தபோது நடுவில் மெல்லிய நூல் இழுத்தது. றப்பர் பால். வெட்டி ஒரு மணி நேரம்கூட ஆகாத பச்சை மரத்தின் வாசம் குப்பென்று மூக்கில் ஏறியது.

"எலி கிலி கொண்டாந்து போட்டிருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நாலு திருகாணி போட்டு இறுக்கிய மூடிக்குள் எலி எப்படித் தூளைக் கொண்டுபோகும் என்று உடனே மனசு திருப்பிக் கேட்டது.

தெஹியோவிட்டையிலிருந்து தெரணியகலைக்கு ஏறும் ரோட்டோரத்துத் தோட்டங்களில், மிஷின் வைத்து றப்பர் மரம் தறிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மிஷின்காரன் ஒருவன் செத்துப்போனால், பிணம் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் அவனுடைய மிஷினின் செயினைக் கழற்றி, எண்ணெய் தடவி, அவன் வீட்டுச் சுவரில் மாட்டிவிட வேண்டும். முப்பதாம் நாள் முடியும்வரை அது அங்கேயே தொங்கும். கோயிலுக்குப் போகிறவர்களும் சரி, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்களும் சரி, இதில் ஒருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மிஷினைத் திறக்கலாம், பழுது பார்க்கலாம், சும்மா ஓடவிட்டுக்கூடப் பார்க்கலாம். மரத்தில் மட்டும் வைக்கக் கூடாது. மிஷினுக்கும் துக்கம் இருக்கிறதாம்.

இந்த மிஷினின் ஆள் டெனிஸ்டன். தறித்துக்கொண்டிருந்த மரம் நெடுக்காகப் பிளந்து அவன்மேல் விழுந்து இன்றைக்கு இருபத்தைந்து நாள். மிஷினும் அவனோடு சேர்ந்து நசுங்கித்தான் பட்டறைக்கு வந்தது. வெள்ளைக்காரத் துரை காலத்தில் கப்பலில் வந்த பெரிய மிஷின் அது. கம்பனியே அதன் சாமானைச் செய்வதை நிறுத்தி இருபது வருஷமாகிவிட்டது.

டெனிஸ்டன் போனதில் குமாருக்குத் துக்கம் இருந்ததா என்று கேட்டால், ஒரு மண்ணும் இல்லை. இருவரும் ஒரே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள். வளர்ந்த பிறகு டெனிஸ்டன் மரம் தறிக்கப் போனான், குமார் ரோட்டோரத்தில் பட்டறை போட்டான். கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தையில் இரும்புக் குவியலுக்குள் தலைகீழாகத் தொங்கிச் சாமான் தேடுவது குமார். அவிசாவளை மர ஆலைகளில் எந்த மிஷின் எந்த மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவது குமார். ஆனால் பேர் யாருக்கு? "குமார் பாஸ் சாமான் குடுப்பாரு, டெனிஸ்டன் உசிர் குடுப்பான்" என்று குமாரின் பட்டறையிலேயே உட்கார்ந்துகொண்டு, அவன் வாங்கிக்கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துக்கொண்டு சொல்லுவார்கள்.

அந்தப் பேருக்கு ஏற்ற மாதிரித்தான் டெனிஸ்டனும் இருந்தான். இடக்கைக்காரன். வலக்கைக்காரர்களுக்கென்று செய்த மிஷினை மாற்றிப் பிடித்துக்கொண்டு, காதைச் சற்றே சாய்த்துக் கேட்டுவிட்டு, கட்டைவிரல் நகத்தால் ஒரு திருகாணியை மயிரிழை திருப்புவான். அவ்வளவுதான். குமார் ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டியது அவனுக்கு நகக்கண் வேலை. ஒருமுறை எதிர் மலையில் அவன் தறித்துக்கொண்டிருந்தபோது, குமாரின் மனைவி விஜயகலா கறிவேப்பிலை ஒடித்தபடி நின்று கேட்டுவிட்டு, "டெனிஸ்டன் அண்ணே மிஷின் சத்தமே தனிங்க, எங்க இருந்தாலும் தெரியுது," என்றாள். அன்றைக்குக் குமார் சாப்பிடவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டான். தலை எங்கே வலித்தது, வயிறுதான் பற்றி எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் அவன் அதைச் செய்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் டெனிஸ்டன் கிளச் ஸ்பிரிங் கேட்டு வந்தான். மூன்று சின்ன ஸ்பிரிங். அது தளர்ந்துபோனால், விசையிலிருந்து விரலை எடுத்த பிறகும் செயின் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். குமாரிடம் நல்லதும் இருந்தது, செத்த மிஷின் ஒன்றிலிருந்து உருவிய தளர்ந்ததும் இருந்தது. தளர்ந்ததைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பளபளப்பாக்கி, "புதுசு" என்று கொடுத்தான். சாகட்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. நாலு பேர் முன்னால் அந்த மிஷின் சொல்பேச்சுக் கேட்காமல் அவன் ஒருதரம் தலைகுனிய வேண்டும், அவ்வளவுதான். பிறகு மரம் பிளந்தது. இருபத்தைந்து நாளாக, என் ஸ்பிரிங்தானா, என் ஸ்பிரிங்தானா என்று குமாருக்குக் கண் மூடினால் அதே கேள்வி.

மரத்தூளை வழித்துப் போட்டுவிட்டுக் கிளச்சைக் கழற்றினான். உள்ளே இருந்தது அவன் கொடுத்த ஸ்பிரிங் இல்லை.

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். கடையில் வாங்கியதும் இல்லை. ஏதோ உருக்குக் கம்பியைக் கையாலேயே சுற்றி, நெருப்பில் காய்ச்சிப் பதமாக நீலம் ஏற்றி, இரண்டு முனையையும் கொக்கியாக வளைத்துச் செய்த ஸ்பிரிங். மூன்றும் ஒரே அச்சு. இடக்கையால் சுற்றியதால் சுருள் எதிர்ப்பக்கமாக ஓடியது. ஆக, டெனிஸ்டன் கண்டுபிடித்துவிட்டிருக்கிறான். கண்டுபிடித்து, தூக்கிப் போட்டுவிட்டு, தானே செய்து மாட்டியிருக்கிறான்.

"நான் கொல்லல," என்று குமார் வாய்விட்டுச் சொன்னான். பெரிய பாரம் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே பழைய எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. பன்னிரண்டு வருஷமாகப் பஸ்ஸிலும் லொறியிலும் அலைந்து நாயாய்ப் பேயாய்த் தேடிப் பொறுக்குகிற சாமானை இவன் குசினி அடுப்பில் காய்ச்சியே செய்துவிட்டானா? செத்த பிறகும் இவன்தான் ஒருபடி மேலா?

ஒப்பந்தக்காரர் ஜுனைதீன் முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். ஓடை ஓரத்துப் பருத்த கிழட்டு மரங்களுக்குப் புது மிஷின்களின் அலகு எட்டாது; இந்தப் பெரிய மிஷினை எழுப்பிக் காட்டினால் எண்பது ஏக்கர் தறிப்புக்கும் குமாரின் பட்டறைதான். அது குமார் எழுப்பிய மிஷினாக இருக்க வேண்டும். அதற்குள் டெனிஸ்டனின் கைவேலை ஒரு குண்டூசி அளவுகூட இருக்கக் கூடாது. மூன்று ஸ்பிரிங்கையும் பொத்திக்கொண்டு மழையில் இறங்கிப் போய் ஓடையில் வீசினான். பஞ்சிகாவத்தையில் எடுத்து வைத்திருந்த நல்ல ஸ்பிரிங்கை மாட்டி, மூடியை இறுக்கி, பட்டறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

மறுநாள் காலை மூடியைத் திறந்தபோது தூள் மேசையில் கொட்டியது. இரண்டு கை கொள்ளாத தூள். பால் சொட்டச் சொட்ட ஈரம். அதற்குக் கீழே கிளச்சில், நீலம் ஏறிய மூன்று ஸ்பிரிங். சுருள் எதிர்ப்பக்கமாக.

குமார் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டியது. அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் இருப்பது போலவும், மழை கொஞ்சம் ஓய்ந்தால் அது கேட்டுவிடும் போலவும் இருந்ததால், ஓயாமல் பெய்யட்டும் என்று வேண்டிக்கொண்டான். பஞ்சிகாவத்தை ஸ்பிரிங் மூன்றும் மேசை ஓரத்தில் வரிசையாக இருந்தன. பக்கத்திலிருந்த இடுக்கியின் வாயில் ஒரு துண்டு உருக்குக் கம்பி மாட்டியிருந்தது. அப்போதுதான் கவனித்தான், அவனுடைய இடது கை விரல் நுனிகளில் கம்பி அறுத்த மாதிரி மெல்லிய கீறல்கள். நகக்கண்ணில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. சுரண்டினால் றப்பராக உரிந்து வந்தது. இந்தத் தடவை ஸ்பிரிங்கைத் தொடாமலேயே மூடியைத் திரும்ப இறுக்கினான்.

மத்தியானம் சோற்றின் முன்னால் உட்கார்ந்தான். நெத்தலியும் பருப்பும். பசியே தெரியாமல் ஏதோ யோசனையில் பிசைந்து நாலு வாய் போட்டிருப்பான், எதிரில் விஜயகலா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"என்னங்க, என்னா பண்றீங்க?"

"என்ன?"

"எந்தக் கையில சாப்புடுறீங்கன்னு பாருங்க."

பார்த்தான். இடது கை சோற்றுக்குள் இருந்தது. வலது கை மடியில், யாரோ வைத்துவிட்டுப் போன பொருளாகக் கிடந்தது.

"நேத்தே பாத்தேன், தேத்தண்ணி கோப்பையையும் அப்படித்தான் புடிச்சீங்க. வெளையாட்டுன்னு நெனச்சேன்," என்றாள் அவள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "டெனிஸ்டன் அண்ணே மாதிரியே இருந்துச்சு."

குமார் தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தான். பயந்தான் என்பது உண்மை. ஆனால் பயத்தையும் முந்திக்கொண்டு வந்தது கோபம். என் வீட்டுச் சோற்றில், என் பெண்சாதி வாயில்கூட அவன் பேர்தானா?

அன்று நாலு மணிக்கு ஜுனைதீன் முதலாளியின் ஜீப் வந்தது. மழை இருட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டே வந்து நின்றது.

"பாஸ், வியாழக்கெழம தோட்டத்துப் பெரிய தொர வாராரு. ஒரு மரம் தறிச்சுக் காட்டணும்."

"முதலாளி, சனிக்கெழமதானே முப்பதாம் நாள். அதுவரைக்கும் செயின் போடக் கூடாதுங்க. ரெண்டே நாள்தானே?"

"நா வழக்கத்துக்கு எதிரி இல்லப்பா. ஆனா தொர சனிக்கெழம வர மாட்டாரு. ஏலாதுன்னா சொல்லு, அவிசாவளையில ஒருத்தன் இருக்கான். டெனிஸ்டன் மிஷினுன்னா சும்மாவே வந்து செய்றேன்னு சொல்றான்."

டெனிஸ்டன் மிஷின். அந்த இரண்டு வார்த்தை போதுமாயிருந்தது. "ஏன் ஏலாது?" என்றான் குமார். "வியாழக்கெழம வாங்க."

புதன்கிழமை டெனிஸ்டனின் மனைவி ரோஷானியின் லயத்து வீட்டுக்குப் போனான். அவள் கதவடியில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில், ஆணியில் செயின் தொங்கியது. எண்ணெய் சொட்டி, கீழே சிமெந்தில் கறுப்பாகப் படிந்திருந்தது.

"செயின் அளவு பாக்கணும் தங்கச்சி. ஒரு நாளைக்குக் குடுத்தா, சனிக்கெழமைக்கு முந்தி கொண்டாந்து மாட்டிருவேன்."

பச்சைப் பொய். அவள் மறுபேச்சில்லாமல் எழுந்து எடுத்துக் கொடுத்தாள். காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "ஒங்கள பத்தி அவரு ஒருநாளும் கொறவா பேசினதில்லண்ணே," என்றாள். "கடைசியா ஏதோ ஸ்பிரிங்கு குடுத்தீங்களாம்ல? அத விளக்கு வெளிச்சத்துல பாத்துட்டு ஒரே சிரிப்பு. குமாருக்கு ஏம்மேல என்ன கோவமோ, கேட்டா இந்தக் கையவே குடுத்திருப்பேனேன்னு சொன்னாரு."

காகிதப் பொட்டலத்தை வாங்க நீண்டது குமாரின் இடது கை. ரோஷானி அந்தக் கையைப் பார்த்தாள். அரிசிச் சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வழியெல்லாம் அவன் வெந்துகொண்டே நடந்தான். திட்டியிருந்தால் பரவாயில்லை, ஊரைக் கூட்டிக் காட்டிக் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை. சிரித்தானாம். கையைக் கொடுப்பானாம். இந்தப் பெருந்தன்மையை நினைக்க நினைக்கத்தான் குமாருக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை காலை மழை விட்டிருந்தது. ஓடைக்கு மேலே சரிவில் கிழட்டு றப்பர் மரங்கள், முப்பது வருஷம் பால் வெட்டிய தழும்போடு வரிசையாக நின்றன. துரை குடைக்குக் கீழே, பக்கத்தில் முதலாளி, கங்காணி. தறிக்கிற ஆட்கள் ஏழெட்டுப் பேர் தள்ளி நின்று, மிஷினில் கிடந்த செயினைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவன் சிலுவை போட்டான். காட்டுகிறேன், இன்றைக்கு எல்லாருக்கும் காட்டுகிறேன் என்று குமார் பல்லைக் கடித்தான்.

மிஷினைத் தரையில் வைத்து, பிடிக்குள் காலை ஊன்றி, கயிற்றை ஒரே இழுப்பு. பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தம் சரிவெல்லாம் பரவியது. எதிர் மலையிலிருந்து பன்னிரண்டு வருஷம் கேட்டுக் கேட்டு அவன் வெறுத்த அதே சத்தம்: தடுமாற்றம் இல்லாமல், கனமாக, ஒரே சீராக. முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். குமாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் கையில். என் கையிலேயே. அந்த ஒரு நிமிஷம் அவன் வாழ்க்கையில் யார்மேலும் பொறாமை இல்லாத நிமிஷம்.

முதல் வெட்டு சரிவைப் பார்த்து விழுந்தது. இரண்டாவது அதன்மேல் சாய்வாக இறங்கி, ஆப்புத்துண்டு ஒன்று தோசைக் கல்லிலிருந்து தோசை எடுத்தது போலச் சுத்தமாகக் கழன்று உருண்டது. அவன் எந்த ஜென்மத்திலும் இப்படி வெட்டியதில்லை. வெட்ட வராது அவனுக்கு. பழுதுபார்க்கிறவன் அவன். அப்போதுதான் குனிந்து பார்த்தான். விசையில் இருந்தது இடது விரல்.

கையை மாற்றிப் பிடிக்க நினைத்தான். கை கேட்கவில்லை.

கால்கள் மரத்தைச் சுற்றிப் பின்பக்கம் போயின. அவன் போகச் சொல்லவில்லை. செயின் பின்பட்டையில் இறங்கியது. தூள் காலில் கொட்டியது, வெளேரென்று, சூடாக. பால் வழிந்தது. மரம் மலைச்சரிவுப் பக்கம் பாரமாகச் சாய்ந்திருந்தது. இவ்வளவு சாய்ந்த மரத்தைப் பின்னாலிருந்து இப்படி அறுத்தால் என்ன ஆகும் என்று பட்டறையில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறான். பிளக்கும். நெடுக்காகப் பிளந்து, பின்பாதி எகிறி, நிற்கிறவன் மேலேயே வரும். முதல் விரிசல் சத்தத்திலேயே மிஷினைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். யோசிக்கவே கூடாது.

டக்.

மரத்துக்கு உள்ளே. ஆழத்தில்.

"விடு," என்றான் தன் கையைப் பார்த்து. "விடுறா."

விரல் ஒவ்வொன்றாக இன்னும் இறுகியது. கீறல்கள் திறந்து இரத்தம் பிடியில் வழிந்தது. வலியில்லை. முழங்கைக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கத்தினான். மிஷின் சத்தத்தில் அவனுக்கே கேட்கவில்லை.

டக். டக்.

வெட்டிலிருந்து ஒரு கோடு கிளம்பியது. அவன் கண்ணுக்கு நேரே, பட்டையைக் கிழித்துக்கொண்டு மேலே போனது. மார்பு உயரம். தலை உயரம். கோட்டின் இரண்டு பக்கமும் பால் முத்து முத்தாக அரும்பியது. தலையைத் திருப்பிச் சரிவைப் பார்த்தான். யாராவது. ஒருத்தராவது.

அவர்கள் கிட்டே வந்திருந்தார்கள். வழக்கம், துக்கம் எல்லாம் மறந்து முகமெல்லாம் பூரித்துப் போய், காது கொடுத்துக் கேட்டபடி நின்றார்கள். அவன் வாய் திறந்து மூடுவதைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள். ஒருவன் கைதட்ட ஆரம்பித்தான். "பாருங்கடா!" என்று இன்னொருவன் கண் கலங்கக் கத்தியது மட்டும், எப்படியோ, அவ்வளவு சத்தத்தையும் தாண்டிக் குமாருக்குத் தெளிவாகக் கேட்டது. "அப்படியே நம்ம டெனிஸ்டன்!"

எல்லாரும் கைதட்டினார்கள். மேலே கோடு அகலமாகத் திறந்துகொண்டிருந்தது, இடது விரல் விசையை அடிவரைக்கும் அமுக்கியது.